கட்டணமில்லாத் தில்லி

தில்லிக்குச் செல்லத் திட்டமிடும் குடும்பங்கள் முதலில் கணக்கிடுவது ரயில் கட்டணத்தையும் தங்கும் விடுதியின் வாடகையையும்தான். இவ்விரண்டும் முன்கூட்டியே தெரிந்த செலவுகள். கணக்கில் அடங்காமல் பெருகுவது மூன்றாவது செலவு; அதாவது ஊர் சுற்றிப் பார்க்கும் செலவு. வாடகைக் கார், வழிகாட்டிக்குக் கூலி, நுழைவுச்சீட்டு, பசித்த இடத்தில் கிடைத்த உணவு எனச் சிறிது சிறிதாகச் சேர்ந்து, ஊர் திரும்பிய மறுமாதம் கடன் அட்டைப் பட்டியலில் ஒரே தொகையாக வந்து நிற்பது இதுவே.

இச்செலவின் பெரும்பகுதியைத் தவிர்க்க முடியும். தில்லியில் காணத்தக்க இடங்களுள் பல நுழைவுக் கட்டணம் இல்லாதவை. அவற்றுட் சில, கட்டணம் செலுத்திக் காணும் இடங்களுக்கு எவ்வகையிலும் குறைந்தவை அல்ல. ஆயினும் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் நமக்கு ஓர் உண்மை நன்கு தெரியும்: பற்று இல்லாமல் வரவு இல்லை. ஓரிடத்துக்குள் நாம் பணம் செலுத்தாமல் நுழைகிறோம் என்றால், அதற்கான செலவை வேறு ஒருவர் ஏற்றிருக்கிறார். அவ்விடங்கள் எவை, அவற்றின் செலவை ஏற்போர் யாவர் என்னும் இரண்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

உலக நகரங்களின் நிலை

ஐரோப்பிய நகரங்களுள் இவ்வகையில் பெயர் பெற்றது இலண்டன். 1759-இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நிலையான காட்சிக்கூடங்களுக்கு இன்றும் கட்டணம் இல்லை. 2001 டிசம்பர் முதல் அந்நாட்டின் தேசிய அருங்காட்சியகங்கள் அனைத்துக்கும் இம்முறை விரிவாக்கப்பட்டது. அதனால் ஏற்படும் செலவை அரசு மானியமாக அளிக்கிறது. பிற நகரங்கள் சில இதற்கு எதிர்த்திசையில் செல்கின்றன. உரோமாபுரியின் பாந்தியன் கோயிலுக்கு 2023 ஜூலையில் கட்டணம் விதிக்கப்பட்டது. வெனிஸ் நகரம், குறிப்பிட்ட நாள்களில் காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணிகளிடம் 2024 ஏப்ரல் முதல் நகருக்குள் நுழையவே கட்டணம் பெறத் தொடங்கியது.

தில்லி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. செங்கோட்டை, குதுப் மினார், உமாயூன் கல்லறை ஆகியவற்றுக்கு நுழைவுச்சீட்டு உண்டு. பூங்காக்களும், நினைவிடங்களும், வழிபாட்டிடங்களும், நூற்றுக்கணக்கான சிறிய தொல்சின்னங்களும் கட்டணமின்றித் திறந்துள்ளன.

கல்லறைகளின் நடுவே ஒரு பூங்கா

முதலில் காணவேண்டியது லோதி பூங்கா. சையது மரபின் மூன்றாம் அரசர் முகம்மது ஷாவின் எண்கோணக் கல்லறை 1444-ஐ ஒட்டி எழுந்தது. சிக்கந்தர் லோதியின் கல்லறை 1517-இல் அவர் மறைந்தபின் கட்டப்பட்டது. அவருடைய மகன் இப்ராகிம் லோதியே 1526-இல் பானிப்பட்டுப் போரில் பாபரிடம் தோற்று உயிரிழந்தவர். ஆகவே முகலாயருக்கு முந்தைய தில்லியின் இறுதி நூற்றாண்டை இப்பூங்காவின் நடைபாதையில் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடலாம். இரண்டு கல்லறைகளுக்கும் இடையே படா கும்பத்தும் அதையொட்டிய மசூதியும் உள்ளன. மசூதியின் சுவரில் உள்ள சுதைவேலைப்பாடு நின்று பார்க்கத்தக்கது. வடபகுதியில், அக்பர் காலத்தைச் சேர்ந்த அட்புலா என்னும் பாலம் இன்றும் உறுதியாக நிற்கிறது.

இப்பூங்கா உருவான வரலாறும் அறியத்தக்கது. 1930-களில் இக்கல்லறைகளைச் சுற்றிக் கைர்பூர் என்னும் கிராமம் இருந்தது. அக்கிராமத்து மக்களை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு, 1936-இல் ஆங்கில அரசு இதனை லேடி வில்லிங்டன் பூங்கா என்ற பெயரில் திறந்தது. விடுதலைக்குப் பின்னரே இன்றைய பெயர் வந்தது. இன்று அதிகாலையில் நடைப்பயிற்சிக்கு வருவோரும், கடலைப் பொட்டலத்துடன் புல்வெளியில் அமரும் குடும்பத்தினரும் துய்க்கும் இந்த இலவசத்துக்கு முதல் விலையைக் கொடுத்தவர்கள் கைர்பூர் மக்கள். இப்போதைய விலையைப் புது தில்லி நகராட்சி மன்றத்துக்கு வரி செலுத்துவோர் கொடுத்து வருகின்றனர்.

பூங்காவின் தெற்கே சிறிது தொலைவு நடந்தால் லோதி காலனி. அங்குள்ள அரசுக் குடியிருப்புகளின் நெடிய சுவர்களில் இந்திய, அயல்நாட்டு ஓவியர்கள் பல ஆண்டுகளாக வரைந்துவரும் பெரிய ஓவியங்களைத் தெருத்தெருவாக நடந்தே காணலாம். இதற்குக் கதவும் இல்லை, நேரமும் இல்லை.

இதைவிடப் பழைமையான தில்லியைக் காண விரும்புவோர் மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவுக்குச் செல்லலாம். குதுப் மினாரின் அருகே ஏறத்தாழ 200 ஏக்கர் பரப்பில் நூற்றுக்கு மேற்பட்ட சின்னங்கள் மரங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. 1287-இல் மறைந்த சுல்தான் பால்பனின் கல்லறை அவற்றுள் ஒன்று. கூரை இடிந்த நிலையிலும் அதன் வில்வளைவு கட்டடக்கலை மாணவர்கள் தேடி வந்து காண்பதாகும். ஜமாலி என்னும் கவிஞரின் பெயரால் வழங்கும் மசூதியும், சிக்கந்தர் லோதி காலத்தில் 1506-ஐ ஒட்டித் தோண்டப்பட்ட இராஜோன் கி பாவோலி என்னும் படிக்கிணறும் இங்கேயே உள்ளன. நம்மூர்க் கோயில் குளத்தின் படித்துறைகளைக் கண்டு பழகிய கண்களுக்கு, அடுக்கடுக்காகக் கீழிறங்கும் அப்படிக்கிணறு அயலானதாகத் தோன்றாது. வழிகள் தனிமையானவை, ஆகையால் பகலில், துணையுடன் செல்லவேண்டும்.

பெயர்கள் பொறித்த சுவர்கள்

இந்தியா கேட் பலரும் மாலையில் கண்டு திரும்பும் இடம். லட்யன்ஸ் வடிவமைப்பில் 1931-இல் திறக்கப்பட்ட இந்த 42 மீட்டர் உயர வளைவில், முதல் உலகப் போரிலும் அதையடுத்த ஆப்கன் போரிலும் உயிர் நீத்தோருள் 13,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்கள் மாண்டது வேறொரு நாட்டின் பேரரசுக்காக.

அதன் பின்புறத்தில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகம், விடுதலைக்குப் பின் இந்நாட்டுக்காக உயிர் நீத்தவர்களுக்கு உரியது. உலகளாவிய போட்டியில் தேர்வு பெற்ற இதன் வடிவமைப்பு, சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் குழு ஒன்றின் படைப்பு என்பது நமக்குப் பெருமை. நடுவில் அணையாச் சுடர். அதனைச் சூழ ஒன்றன்பின் ஒன்றாக வட்டங்கள். தியாக சக்கரம் எனப்படும் வட்டத்தின் கருங்கல் சுவர்களில் 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் தனித்தனியே பொறிக்கப்பட்டுள்ளன. தமிழகத்தின் சிற்றூர்களிலிருந்து படைக்குச் சென்று திரும்பாதவர்களின் பெயர்களும் அவற்றுள் உண்டு. தம் ஊர்க்காரர் ஒருவர் அவ்வாறு மறைந்திருப்பின், அவர் பெயரைக் குழந்தைகளுடன் தேடிக் காண்பது எந்த வழிகாட்டியும் தரமுடியாத வரலாற்றுப் பாடம். பரம்வீர் சக்கர விருது பெற்றோரின் மார்பளவுச் சிலைகள் அருகில் உள்ளன. 1987 நவம்பரில் இலங்கையில் உயிர் நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் அவர்களுள் ஒருவர்.

ஜனவரி 30 மார்க் சாலையில் உள்ள காந்தி ஸ்மிருதி, அன்றைய பிர்லா மாளிகை. காந்தியடிகள் தம் வாழ்வின் இறுதி 144 நாள்களை இங்கு கழித்து, 1948 ஜனவரி 30 மாலை வழிபாட்டுக்கு நடந்து சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அறையிலிருந்து அவ்விடம் வரை அவர் நடந்த வழியில் காலடித் தடங்கள் பதிக்கப்பட்டுள்ளன. 1971-இல் அரசு இம்மாளிகையை வாங்கி, 1973 ஆகஸ்ட் 15 அன்று மக்களுக்குத் திறந்தது. அவர் இறுதியாகத் தங்கிய அறையில் உள்ள பொருள்கள் மிகச் சில. சிக்கனத்தைப் பற்றி நாம் எழுதக்கூடிய எந்தக் கட்டுரையைவிடவும் அவ்வறை தெளிவாகப் பேசும். திங்கட்கிழமைகளில் விடுமுறை. யமுனைக் கரையில் அவர் உடல் எரியூட்டப்பட்ட ராஜ்காட்டுக்கும் கட்டணம் இல்லை.

யாரும் விலக்கப்படாத பந்தி

கன்னாட் பிளேஸ் அருகே உள்ள பங்களா சாகிப் குருத்வாரா, முன்னாளில் ராஜா ஜெய்சிங்கின் மாளிகையாக இருந்தது. சீக்கியரின் எட்டாம் குரு ஹர்கிருஷண் 1664-இல் இங்குத் தங்கியிருந்தார். தில்லியில் பரவிய பெரியம்மையாலும் காலராவாலும் வாடியோருக்கு அவர் நீர் அளித்து உதவினார் என்பதும், அந்நோய்க்கே தாமும் இரையானார் என்பதும் மரபு. பொற்கூரையும் பெரிய திருக்குளமும் கொண்ட இவ்வளாகத்தில், லங்கர் எனப்படும் பொதுப் பந்தியில் சமயமும் சாதியும் கேளாமல் நாள்தோறும் பல்லாயிரம் பேருக்கு உணவளிக்கப்படுகிறது. அனைவரும் தரையில் வரிசையாக அமரவேண்டும், தலையை மூடிக்கொள்ளவேண்டும், காலணிகளைக் கட்டணமில்லாக் காப்பிடத்தில் விடவேண்டும். ரொட்டியை இரு கைகளையும் ஏந்திப் பெறுவது வழக்கம்.

இங்குச் செலவை ஏற்போர் இரு வகையினர். பொருளும் பணமும் தருவோர் ஒருபுறம். ரொட்டி தட்டவும், காய்கறி நறுக்கவும், பாத்திரம் கழுவவும் தம் நேரத்தைத் தருவோர் மறுபுறம். இரண்டாம் வகையில் நாமும் சேரலாம். உண்டபின் அரை மணி நேரம் சமையற்கூடத்தில் உதவ விரும்புவோரை அங்கு மறுப்பதில்லை. எதுவும் இயலாதவர், இலையில் எதையும் மீதம் வைக்காமல் எழுவதே போதும்.

1986 டிசம்பரில் திறக்கப்பட்ட தாமரைக் கோயிலின் கணக்கு வேறு வகையானது. வெண்பளிங்கு போர்த்திய 27 இதழ்களும் ஒன்பது பக்கங்களும் கொண்ட இக்கட்டடத்தை வடிவமைத்தவர் ஃபரிபோர்ஸ் சாஹ்பா. எச்சமயத்தவரும் உள்ளே அமர்ந்து மௌனமாக வழிபடலாம். ஆனால் பஹாய் சமயத்தார், தம் சமயத்தைச் சேராதவரிடம் நன்கொடை பெறுவதில்லை என்னும் நெறியுடையவர்கள். நாம் விரும்பினாலும் பணம் தரமுடியாத இடம் இது. திங்கட்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும்.

பழைய தில்லியின் சாந்தினி சௌக்கில் சற்றேறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர் நடந்தால், செங்கோட்டை எதிரே உள்ள சமணர் கோயில், கௌரி சங்கர் கோயில், கிறித்தவ தேவாலயம், குரு தேஜ்பகதூர் 1675-இல் உயிர் துறந்த இடத்தில் எழுந்த சீஸ்கஞ்ச் குருத்வாரா, இறுதியில் ஃபதேபூரி மசூதி என ஐந்து சமயத்தாரின் வழிபாட்டிடங்களையும் ஒரே தெருவில் காணலாம். சமணர் கோயில் வளாகத்தில் காயம்பட்ட பறவைகளுக்கான மருத்துவமனையும் உண்டு. அருகில், ஷாஜகான் 1650-க்கும் 1656-க்கும் இடையே கட்டிய ஜாமா மசூதி. அதன் முற்றத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. நிழற்படக் கருவிக்கும் கோபுரம் ஏறுவதற்கும் உண்டு.

தில்லிவாழ் தமிழர் வாழ்வை அறிய விரும்புவோர் இராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குச் செல்லவேண்டும். உத்தர சுவாமிமலை எனப்படும் இக்கோயிலுக்கு 1965-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1973 ஜூன் 7 அன்று குடமுழுக்கு நடைபெற்றது. அரசுப் பணிக்காக வடக்கே சென்ற தமிழ்க் குடும்பங்கள் தம் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தளித்த நன்கொடைகள் இக்கருங்கல் சுவர்களில் அடங்கியுள்ளன. குன்றின் மேலிருந்து மாலை வேளையில் நகரைக் காண்பது தனி இன்பம்.

நமது தொழிலின் சுவடுகள்

வங்கியோடு தொடர்புடைய நம் வாசகர்களுக்கு மேலும் இரண்டு இடங்கள். நாடாளுமன்றத் தெருவில் உள்ள இந்திய ரிசர்வ் வங்கிக் கட்டடத்தின் வாயிலில், சாந்திநிகேதனின் புகழ்பெற்ற சிற்பி ராம்கிங்கர் பைஜ் செதுக்கிய இரு பெரும் கற்சிலைகள் நிற்கின்றன. செல்வத்தின் காவலராகக் கருதப்படும் யட்சனும் யட்சியும் அவர்கள். யட்சன் தொழில் வளத்துக்கும், யட்சி வேளாண் வளத்துக்கும் அடையாளம். சாலையோரத்திலிருந்தே இவற்றைக் காணலாம். பாதுகாப்பு மிகுந்த இடமாதலால் காவலரின் இசைவின்றிப் படம் எடுத்தல் கூடாது.

மற்றொன்று, சாந்தினி சௌக்கில் இன்று மின்பொருள் கடைகளுக்கு நடுவே மறைந்துள்ள பாகீரத் பேலஸ். பேகம் சம்ருவின் மாளிகையாக இருந்த இக்கட்டடத்தில் பின்னர் தில்லி வங்கி இயங்கியது. 1857 மே 11 அன்று எழுச்சி நகரை எட்டியபோது அவ்வங்கி தாக்கப்பட்டது. அதன் மேலாளர் பெரெஸ்ஃபோர்டு தம் குடும்பத்தாருடன் கொல்லப்பட்டார். தூண்கள் நிறைந்த முகப்பை இன்றும் காணலாம்.

உண்மையில் ஆகும் செலவு

நுழைவுக் கட்டணம் நீங்கியபின் எஞ்சுவது போக்குவரத்துச் செலவு. தில்லி மெட்ரோவில் 2025 ஆகஸ்டு 25 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி குறைந்த தொகை 11 ரூபாய். மிகுந்த தொகை 64 ரூபாய். ஐந்து முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு 32 ரூபாய். நால்வர் கொண்ட குடும்பம் அத்தகைய இரு பயணங்களை ஒரே நாளில் மேற்கொண்டால் ஆகும் செலவு 256 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைகளிலும் தேசிய விடுமுறை நாள்களிலும் இதைவிடக் குறையும். நாம் மேலே கூறிய இடங்கள் யாவும் ஏதேனும் ஒரு மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தோ, சிறிது தொலைவு ஆட்டோவிலோ அடையத்தக்கவை.

கட்டணமுள்ள இடங்களையும் முற்றாக ஒதுக்கவேண்டியதில்லை. இந்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களில் 15 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. தேசிய அருங்காட்சியகத்தில் இந்தியர்களுக்குக் கட்டணம் 20 ரூபாய்; அங்குள்ள சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும் மொகஞ்சதாரோவின் நடனப் பெண் சிலையையும் காண அது மிகச் சிறிய தொகை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் செல்வோர் குடியரசுத் தலைவர் மாளிகையின் அமிர்தத் தோட்டத்தையும் கட்டணமின்றிக் காணலாம். இணையத்தில் முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

இலவசத்தின் பெயரால் ஏமாறாதிருக்க

கட்டணமில்லா இடங்களைச் சுற்றியே பணம் இழக்கும் வாய்ப்பும் மிகுதி. ஆகவே சில எச்சரிக்கைகள்.

ரயில் நிலைய வாயிலில், 'அரசு சுற்றுலா அலுவலகம் இதோ' என்றோ, 'உங்கள் பயணச்சீட்டு செல்லாது' என்றோ கூறி அழைத்துச் செல்வோரைப் பின்தொடர வேண்டா. வழிபாட்டிடங்களில் தாமாக முன்வந்து விளக்கம் கூறுவோர் முடிவில் பெருந்தொகை கேட்பதுண்டு. தேவையில்லை என்பதை முதலிலேயே பணிவாகச் சொல்லிவிடலாம். காணிக்கை செலுத்த விரும்பினால் உண்டியலிலோ அலுவலகத்திலோ மட்டும் செலுத்துக.

பொது இடங்களில் கிடைக்கும் இலவச இணைய இணைப்பில் வங்கிச் செயலியைத் திறத்தல் கூடாது. யுபிஐ வழியாகப் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. அந்த எண்ணை இடச் சொன்னால் பணம் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறப் போகிறது என்றே பொருள். பணம் பறிபோயிற்று எனத் தெரிந்த உடனே 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும், கணக்குள்ள வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

நான்கு நாள் திட்டம்

முதல் நாள்: படேல் சௌக் நிலையம். காலையில் பங்களா சாகிப், அடுத்து ரிசர்வ் வங்கியின் சிலைகள். மாலையில் இந்தியா கேட்டும் போர் நினைவகமும். பல இடங்கள் மூடப்பட்டிருக்கும் திங்கட்கிழமைக்கு இந்நாள் ஏற்றது.

இரண்டாம் நாள்: ஜோர்பாக் நிலையம். காலையில் லோதி பூங்கா, அதன்பின் லோதி காலனி ஓவியங்கள். பிற்பகலில் காந்தி ஸ்மிருதி; மாலை ஐந்து மணிக்கு முன் பார்த்து முடிக்கவேண்டும்.

மூன்றாம் நாள்: சாந்தினி சௌக் நிலையம். காலையில் கடைத்தெரு நெரிசல் தொடங்கும் முன் ஐந்து சமய வழிபாட்டிடங்கள், பாகீரத் பேலஸ், தொழுகை இல்லாத நேரத்தில் ஜாமா மசூதி, மாலையில் ராஜ்காட்.

நான்காம் நாள்: குதுப் மினார் நிலையம். காலையில் மெஹ்ரோலி. பின்னர் ஹவுஸ் காஸ் நிலையத்தில் மாறிக் கல்காஜி மந்திர் நிலையத்தருகே தாமரைக் கோயில். அதே தடத்தில் திரும்பி மாலை பூசைக்கு மலை மந்திர்.

அக்டோபர் முதல் மார்ச் வரை ஏற்ற பருவம். எனினும் நவம்பர் முதல் ஜனவரி வரை காற்று மாசும் பனிமூட்டமும் மிகுதியாதலால், மூச்சுத் தொல்லை உடையோரும் முதியோரும் பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தேர்ந்தெடுப்பது நலம். புறப்படும் முன் ஒவ்வோர் இடத்தின் திறப்பு நேரத்தையும் அதன் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்க.

இவ்விடங்களில் நம்மிடம் யாரும் பணம் கேட்பதில்லை. கல்லறைச் சுவரில் பெயரைக் கீறாமலும், பூங்காவில் குப்பையை விட்டுச் செல்லாமலும், பந்தியில் உணவை வீணாக்காமலும் இருந்தால், நமக்காக அச்செலவை ஏற்றவர்களுக்கு நாம் செலுத்தவேண்டியதைச் செலுத்தியவர்களாவோம். நமக்குப் பின் வருவோருக்கும் அக்கதவுகள் அவ்வாறே திறந்திருக்கும்.